பதினோரு விநாடி அழுகை

தாம்பரம் ரயில் நிலையத்தைப் பார்த்தாற்போல் இருக்கும் இரண்டாம் மாடி அலுவலகத்தில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் ஜெயசீலி. பழைய நாடகங்களை மட்டுமே மறுபடியும் மறுபடியும் போடும் ஒரு பிரிட்டிஷ் சேனலுக்காக வேலை செய்யும் அலுவலகம் அது. காது கேளாதவர்கள் படிப்பதற்காக, அந்த நாடகங்களின் வசனத்தை ஆங்கிலத்தில் டைப் செய்து படத்தின் அடியில் சேர்ப்பது அவள் வேலை. மகள் காய்ச்சலில் இறந்து பதினெட்டு நாள் ஆகிறது. இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். மூன்று மணி வெயில் ஜன்னல் இடுக்கு வழியாக அவள் கைமேல் விழுகிறது. திரையில் ஒரு டாக்டர் கட்டிலருகே தலை குனிந்து நிற்கிறார். டீம் லீடர் மோகன்ராஜ் எழுந்து அவளிடம் வருகிறார். “இதுல குழந்தை சாகுற சீன் வரும்னு எனக்குத் தெரியாதும்மா. வேற யார்கிட்டயாவது குடுத்துடட்டுமா?”

“வேணாம் சார். பாதிக்கு மேல பண்ணிட்டேன்.”

வசனம் இல்லாத இடத்தில் சத்தத்தை எழுத வேண்டும். ‘தாய் அழுகிறாள்’ என்று டைப் செய்கிறாள். அழுகை பதினோரு விநாடி. அது நின்றதும் எழுத்தையும் எடுத்துவிட வேண்டும். அடுத்த காட்சியில் தோட்டத்தில் டீ குடிக்கிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். அவர்கள் காலடியில் அந்த வரி அப்படியே நிற்கிறது.

“ஜெயசீலி, அழுகை முடிஞ்சிடுச்சு. லைனை எடுக்கலயே,” என்கிறார் மோகன்ராஜ் மெதுவாக.

அவள் விரல் வரியை எடுக்கும் பொத்தான்மேல்தான் இருக்கிறது.

“எடுக்க முடியல சார்.”