உச்சந்தலையில் விழுந்தது

அந்தமானின் அந்தச் சின்னத் தீவில், தென்னந்தோப்புக்குள் நுழையும்போதே, "மேல ஒரு கண்ணு இருக்கட்டும்" என்று எச்சரித்தார் தோப்புக்காரர் தங்கையா. கொஞ்ச தூரம் நடப்பதற்குள் துர்காதேவி அலறியபடி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் சிவபாலன் பதறி ஓடிவந்தான். "தேங்காயாம்மா? ரத்தம் வருதா?"

அவள் தலைமுடியை உதறிக்கொண்டே எழுந்தாள். "இன்னிக்கே காஞ்சிபுரம் போயிடலாங்க."

"இங்கயே ஆஸ்பத்திரி இருக்குதும்மா."

"ஆஸ்பத்திரிக்கு இல்ல, கோயிலுக்கு. விழுந்தது பல்லிங்க. உச்சந்தலையில விழுந்தா சாவுன்னு சொல்வாங்க."

சிவபாலனுக்குப் போன உயிர் திரும்பியது. "நம்ம ஊரு தங்கப் பல்லியத் தொட்டவங்களுக்குத் தோஷமே கிடையாது. பயப்படாத."

"தெருக்கோடியில இருக்குற கோயில்தானே, எப்ப வேணா தொட்டுக்கலாம்னு இருந்துட்டேன். நீங்க தொட்டிருக்கீங்கல்ல? தொட்டவங்களைத் தொட்டாலும் போதுமாம்." கையை நீட்டினாள்.

சிவபாலன் மெல்லத் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "கடைக்குப் பட்டு எடுக்க வர்றவங்களை எல்லாம் அனுப்பிக்கினே இருந்தேன். நான் போனதில்ல."

தங்கையா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க உங்க ஊருக்கு வந்தப்ப, நான் தொட்டிருக்கேன் தம்பி."

துர்காதேவி பாய்ந்து அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய இடது கை ஏற்கெனவே சிவபாலனிடம் இருந்தது.