கைக்கு எட்டாத முடிச்சு

மூன்று பைகளையும் ஒவ்வொன்றாகக் கொக்கித் தராசில் மாட்டினான்.

பட்டாளத்துப் பை. மூன்று கிலோ முந்நூறு. நனைந்தால் ஐந்து.

பள்ளிக்கூடப் பை. எடையே இல்லை. உழைப்பும் இல்லை. பாதி மலையில் வார் அறுந்து கையோடு வந்துவிடும்.

மூன்றாவது, மலையேற வந்த யாரோ வெளியூர்க்காரன் லாட்ஜில் விட்டுப்போனது. ஒரு கிலோ எண்ணூறு. முதுகுப் பக்கம் இரண்டு அலுமினியப் பட்டைகள். இடுப்புக்கு அகலமான பெல்ட்.

"இதுதான் பாய்."

பீர்முகமது கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார். கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முப்பது வருடமாகப் பை தைக்கிறவர். யார் எதற்கு மலையேறுகிறார்கள் என்பது தெரியும். கேட்டுக்கொள்ள மாட்டார்.

முதலில் ஜிப். மிளா மானுக்கு ஜிப் சத்தம் ஒரு மேடு தாண்டிக் கேட்கும். பிரித்தெடுத்துவிட்டு நாடா வைத்தார்.

பக்கப் பைகள் போயின. தண்ணீர் பாட்டில் வலை போனது. மழை உறை போனது.

இப்போது எடை ஒன்று இருநூறு.

"கறி கட்டத் தோதா ரெண்டு வளையம் இருக்கே. இருக்கட்டுமா?"

"வெட்டிருங்க பாய்."

கத்தரிக்கோல் ஒரு நொடி நின்றது. கறிக்கு இடம் வேண்டாம் என்ற வேட்டைக்காரனை அவர் இதுவரை பார்த்ததில்லை.

அவன் பையைக் கவிழ்த்துப் போட்டான். சாக்பீஸை எடுத்து அடியில் இரண்டு வட்டம் போட்டான். ஒரு தொடை நுழைகிற அளவு.

"இது என்னாப்பா, ரத்தம் வடியவா?"

"கால் வெளிய வரணும்."

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தையல் மிஷினைப் பார்த்தார்.

ஊருக்கே தெரிந்த கதைதான்.

போன ஆடியில் இரண்டு பேர் மலையேறினார்கள். அவனும் கூட்டாளி ஒச்சுவும். ஒச்சுவுக்கு மூக்கு. அவனுக்குக் குறி. புரண்டு கிடக்கிற ஒரு இலையைப் பார்த்து, போனது கிடாயா பெட்டையா, போய் எத்தனை நாழியாச்சு என்று சொல்லிவிடுவான் ஒச்சு.

மிளா விழுந்தது. கூறு போட்டுக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பாசிப் பாறையில் ஒச்சுவின் கால் வழுக்கியது. ஓடைக்குள் விழுந்தான். எழுந்திருக்க முடியவில்லை.

தூக்க இருந்தது ஒரே ஒரு முதுகு.

கறி கெட்டுப்போகும். ஆள் கெட்டுப்போக மாட்டான் என்று நினைத்தான்.

"கறிய எறக்கிட்டு ஓடியாந்துர்றேன் மாப்ள."

ஓடித்தான் இறங்கினான். கூட்டு வேட்டையில் பங்கு உடனே வீடு சேர வேண்டும். அது வழக்கம். ஒச்சுவின் பங்கை அவனே ஒச்சுவின் வீட்டில் கொடுத்தான். "பின்னாடி வாரான் தங்கச்சி" என்றான்.

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஏறி, கட்டிலில் கிடத்தித் தூக்கிவர ஒன்பது மணி நேரம் ஆனது. ஒச்சு வாசலுக்கு வந்தபோது அவன் பங்கு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

அன்றோடு இடுப்புக்குக் கீழே ஒச்சுவுக்கு உணர்வில்லை. அவனோடு ஒச்சுவுக்குப் பேச்சும் இல்லை.

அதற்குப் பிறகு ஏழு தடவை தனியாக மலையேறினான். ஏழு தடவையும் கையை வீசிக்கொண்டு இறங்கினான்.

"இத மட்டும் விட்டு வையி" என்றார் பாய். நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த பக்கிள். "ஒரு அமுக்கு அமுக்குனா போதும். மொத்தப் பையும் கழண்டு விழுந்துரும். யானை கீனை தொரத்துனா..."

"அதத்தான் மொதல்ல வெட்டணும்."

வாரை முன்பக்கம் மூடித் தைக்கச் சொன்னான். வாரைக் கட்டும் முடிச்சை முதுகுக்குக் கொண்டுபோகச் சொன்னான். பிடரிக்குக் கீழே, நட்ட நடுவில்.

பாய் அதை அவனுக்கு மாட்டிப் பார்த்தார். அவன் இரண்டு கையையும் பின்னால் வளைத்தான். எட்டவில்லை.

"எப்பிடிப்பா கழட்டுவ?"

"நான் கழட்ட மாட்டேன் பாய்."

ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையைப் பையில் வைத்துத் தண்ணீர் டேங்க் படி ஏறி இறங்கினான். தையல் தாங்கியது. ஒச்சு நாற்பத்து நாலுதான்.

மறுநாள் சாயங்காலம் பையை ஒச்சுவின் மடியில் போட்டான். மலையடியில், இலவந்தோப்புக்கு முந்தின கடைசி வீடு.

ஒச்சு ரொம்ப நேரம் தடவினான். ஓட்டைகளுக்குள் கையை விட்டுப் பார்த்தான். வளையம் இருந்த இடத்தை விரலால் தேய்த்தான்.

"கறிக்கு எடம்?"

ஒரு வருடத்தில் முதல் பேச்சு.

"வைக்கல."

விரல் வார்மேல் ஊர்ந்து முடிச்சில் நின்றது.

"இது யாருக்கு எட்டும்?"

"ஒனக்குத்தான்."

ஒச்சு கையைத் தூக்கினான். இரண்டு கையையும்.

அவன் பையை முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் குத்தவைத்தான். ஒச்சுவின் மனைவிதான் வந்து ஒச்சுவின் கால்களை ஓட்டைக்குள் நுழைத்துவிட்டாள். பை கொண்டுவந்தவனை அவள் பார்க்கவில்லை. வாரை இறுக்கினாள். முடிச்சு போட்டாள். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அவன் முட்டியை ஊன்றி எழுந்தான். பாரம் தோளில் ஏறவில்லை. இடுப்பில் உட்கார்ந்தது. பாய் தொழில்காரர்தான்.

தோப்பு முடிகிற இடத்தில், கையில் கொண்டுவந்த சாக்கைப் பிரித்தான். நாட்டுத் துப்பாக்கி. பின்னாலிருந்து தோளுக்கு மேலே ஒச்சுவின் கை நீண்டது.

"நெறச்சுக் குடு."

மருந்து போட்டுக் கெட்டித்தான். ரவை போட்டான். கொடுத்தான்.

பிடரியில் ஒச்சுவின் மூச்சு சூடாக விழுந்தது.

"எறக்கணும்னா நான் சொல்றேன். நட."

பழையபடி மாப்ள என்று சேர்க்கவில்லை.

குழல் அவன் வலது காதை உரசிக்கொண்டு நின்றது. முன்னால் பார்க்கிறதா, தன் தலையைப் பார்க்கிறதா, தெரியவில்லை.

தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

அவன் திருப்பவில்லை. ஏற ஆரம்பித்தான்.