ராஜப்பாவின் முதுகெலும்பு

சாட்சிக் கூண்டில் ஏறிய சம்பங்கி, எதிரே குற்றவாளிக் கூண்டில் நின்ற தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். ராஜப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். துப்பாத குறையாக அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராஜப்பாவின் வக்கீல் சௌந்தரராஜனுக்கு அதைப் பார்த்து மனம் குளிர்ந்தது. பட்டணத்தில் சட்டம் படித்துவிட்டு, இந்தத் தங்கச் சுரங்கத்துப் புழுதியில் கூலிகளுக்காக வாதாட வேண்டியிருக்கிறதே என்று தினமும் நொந்துகொள்பவர் அவர். அதிலும் ராஜப்பாவைப் போல ஒரு மண்புழுவை அவர் கண்டதில்லை. பேர் என்னடா என்று கேட்டால்கூடப் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான்.

இன்றைக்கு அந்த மண்புழுத்தனம்தான் அவர் கையிலிருந்த ஒரே துருப்பு. “என்னைக் கூண்டுல ஏத்துங்க சாமி” என்று சம்பங்கியேதான் வந்து கேட்டாள். கோர்ட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது தன்னுடைய யோசனை என்றே வக்கீல் நம்பத் தொடங்கிவிட்டார்.

வழக்கு இதுதான். சுரங்கத்துக்குள் மேஸ்திரி தாமோதரனின் மெழுகுவத்தி திடீரென்று அணைந்தது. அந்த இருட்டில் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ள, குழியில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் அவனுடைய இடது காலை எடுத்துவிட்டார்கள்.

தள்ளியவன் முகத்தைத் தாமோதரன் பார்க்கவில்லை. ஆனாலும் ராஜப்பாதான் என்று அடித்துச் சொன்னான். அதற்கு முந்தின வாரம் கிணற்றடியில் சம்பங்கியின் கையைப் பிடித்து இழுத்தவன் இந்தத் தாமோதரன். பழி தீர்க்க வேறு யாருக்குக் காரணம் இருக்கிறது?

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். “மேஸ்திரி உன் கையைப் பிடிச்சு இழுத்தானாமே, நிஜமா?”

“நிஜந்தான் சாமி.” சம்பங்கி, ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாமோதரனைக் கைநீட்டிக் காட்டினாள். “இதோ, இந்த ஆளுதான். கெணத்தாண்ட அத்தினி பொம்பளைங்க பாத்துகினு இருந்தாங்கோ.”

“அப்போ உன் புருஷன் எங்கே இருந்தான்?”

“பக்கத்துலதான் நின்னுகினு இருந்தாரு.”

“என்ன செஞ்சான்?”

“இன்னா செய்வாரு? தரையப் பாத்துகினு நின்னாரு. மறுநாளு காலீல ஷிப்டுக்குப் போறப்போ, அதே மேஸ்திரிக்குக் குனிஞ்சி சலாம் வெச்சிட்டுத்தான் கேஜுல சொரங்கத்துக்குள்ள எறங்கினாரு.”

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. ராஜப்பாவின் தலை இன்னும் தாழ்ந்தது. மண்டை ஓட்டுக்குள் மூளை இல்லாவிட்டாலும் போகிறது, முதுகில் ஓர் எலும்பாவது இருக்கக் கூடாதா என்று வக்கீலுக்கே எரிச்சலாக வந்தது.

“இவனுக்குக் கோபமே வராதா?”

“கோவமா!” சம்பங்கியின் உதடு கோணியது. “தொண்ட காஞ்சாக்கூட தானா ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடிக்கத் தெரியாதுங்க. குடின்னு சொன்னாத்தான் குடிப்பாரு. இதக் கட்டிகினு நான் படற பாடு அந்த மாரியாத்தாளுக்குத்தான் தெரியும்.”

மாஜிஸ்ட்ரேட்டே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கு மேல் வக்கீலுக்கு வேலை இருக்கவில்லை. இருந்தாலும் அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்கினார்.

“தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவே உத்தரவுக்குக் காத்திருக்கும் இந்தப் பிறவி, ஒரு மேஸ்திரியின் முதுகில் கை வைத்திருக்குமா? கட்டிய மனைவியே காறித் துப்பும் கோழை இவன். கோழைத்தனம் கேவலம்தான், ஆனால் சட்டப்படி குற்றமில்லை!”

குற்றம் நிரூபணமாகவில்லை என்று மாஜிஸ்ட்ரேட் ராஜப்பாவை விடுதலை செய்தார். தாமோதரன் பற்களைக் கடித்துக்கொண்டு ஊன்றுகோலைத் தட்டியபடி வெளியே போனான். பாதி வழியில் அது வழுக்கியபோது தூக்கிவிட ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் வக்கீல் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். ராஜப்பாவும் சம்பங்கியும் வந்து கும்பிட்டார்கள்.

“உன் கோழைத்தனம்தாண்டா உன்னை ஜெயிலுக்குப் போகாம காப்பாத்திச்சு” என்றார் வக்கீல். “இனிமேலாவது ஆம்பளையா நடக்கப் பாரு. உன் இடத்துல நான் இருந்திருந்தா, அவன் கைய வெச்ச அன்னிக்கே கைய ஒடிச்சிருப்பேன்.”

ராஜப்பா வழக்கம்போலப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான்.

வக்கீல் சாற்றைத் துப்பிவிட்டு, பொழுதுபோகாமல் கேட்டார். “ஆமா, அவனை யாருதான் தள்ளியிருப்பான்? உங்க ஆளுங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கேஸ்தான் முடிஞ்சு போச்சே, சும்மா சொல்லு.”

சம்பங்கி சுற்றுமுற்றும் பார்த்தாள். கோர்ட் சேவகன் தூரத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்த இளக்காரம் இப்போதும் இருந்தது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது ராஜப்பாவை அல்ல, வக்கீலை.

புருஷனின் தோளிலிருந்து நழுவியிருந்த துண்டை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்.

“நான்தான் அவனத் தள்ளுன்னு இவராண்ட சொன்னேன் சாமி.”