உட்கார விடாத புல்

இரண்டு புல் தட்டுகளையும் அவள் மேஜைமேல் வைத்ததும் மேலாளர் முதலில் செய்த காரியம், தன் கைபேசியை மண் படாத தூரத்துக்கு நகர்த்தியதுதான்.

"கணுக்காலுக்கு மேல வளரக் கூடாது. வருஷம் பூரா பச்சையா இருக்கணும். முக்கியமா, ஒருத்தரும் அதுமேல உக்காரக் கூடாது."

அவள் தலையாட்டினாள். தோட்டம் போட்டுத் தரும் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். செடிகொடிகளைப் படித்துப் பட்டம் வாங்கியவள். அதற்குப் பிறகும் இந்த மாதிரி ஆட்களுக்குத் தலையாட்ட வேண்டியிருக்கும் என்பதை எந்தப் பாடத்திலும் வைத்திருக்கவில்லை.

விஷயம் இதுதான். கட்டடத்தின் பக்கவாட்டில், நிழல் விழுகிற நீள மண் துண்டு ஒன்று. கூட்டிப் பெருக்குகிற பெண்கள் மத்தியானம் அங்கேதான் டப்பாவைத் திறக்கிறார்கள். கேண்டீனுக்குள் அவர்களுக்கு இடம் கிடையாது. வெளியே உட்கார்ந்தால் வாடிக்கையாளர் கண்ணில் படுகிறார்களாம். 'உட்காராதே' என்று பலகை வைத்தால் எவனாவது படம் பிடித்துப் போட்டுவிடுவான்.

புல்லை எவன் படம் பிடிப்பான்?

துணை மேலாளர் கழுத்தை நீட்டினார். "எங்க சம்பந்தி வீட்ல இதைவிடப் பச்சையா ஒண்ணு இருக்கு சார்."

சம்பந்தி வீட்டுப் பச்சையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. ஒரு செடிக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிராத நான்கு கைகள், காற்றில் அதன் உயரத்தை அளந்தன. மூலையில் பிளாஸ்டிக் செடி பளபளத்தது. அதைத் துடைப்பதும் இவர்கள் இல்லை.

"சரி, இதுல எது உடம்பைக் கிழிக்கும்?" என்றார் மேலாளர்.

முதல் தட்டில் இருந்தது கோரை. ஓரமெல்லாம் பிளேடு. காலையில் தூக்கும்போதே அவள் விரலைப் பதம் பார்த்திருந்தது. இன்னொன்று மாண்டோ என்கிற குட்டைப் புல். கரும்பச்சையாக விறைத்து நிற்கும். தொட்டால் பூனை முதுகு.

கட்டுப் போட்ட விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மாண்டோவைக் காட்டினாள்.

"இதுதான் சார். பாக்கத்தான் சாது. உக்காந்தவங்க மறுபடி அந்தப் பக்கமே வர மாட்டாங்க."

குரல் நடுங்கும் என்று பயந்திருந்தாள். நடுங்கவில்லை. இந்த மூஞ்சிகளைப் பார்த்துக்கொண்டே பேசினால் எந்தப் பொய்யும் நடுங்காது போலிருக்கிறது.

மேலாளரின் கை தட்டை நோக்கி நீண்டது.

தொட்டால் தீர்ந்தது. பொய் வெளுத்துவிடும், வேலை போய்விடும், கோரையைத்தான் நடுவார்கள்.

கை பாதியில் நின்றது. மண்ணாயிற்றே. தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்திருந்த துப்புரவுப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இங்க வா. நீ தொட்டுப் பாரு. நல்லா அமுத்து."

அந்தப் பெண்மணி மேலாளரைவிட மூத்தவள். கோப்பைகளை வைத்துவிட்டு வந்தாள். புல்லைக் கொண்டுவந்தவளும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

உள்ளங்கை புல்லுக்குள் அமிழ்ந்தது. ஒரு கணம் அங்கேயே இருந்தது.

"ஐயோ சாமி, அறுத்துடுச்சுங்க."

வெடுக்கென்று இழுத்து, கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

துணை மேலாளர் சிரித்தார். காயத்தைக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. மேலாளர் கிருமிநாசினி போத்தலை அழுத்தி, எதையும் தொடாத தன் கையைச் சுத்தமாகத் தேய்த்துக்கொண்டார்.

"இதையே நட்டுடுங்க. நெருக்கமா."

அவள் தட்டுகளோடு வெளியே வந்தபோது, தாழ்வாரத்துத் தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண்மணி தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"பஞ்சாட்டம் இருக்கு. நாளைக்கு நாங்க அதுல உக்காந்தா அந்தாளு கண்டுபிடிச்சிட மாட்டானா?"

"மாட்டான். இதுங்களுக்குத் தோல் மரத்துப்போச்சுன்னு நினைச்சுக்குவான். இப்பவும் அதைத்தானே நினைக்கிறான்."

பெண்மணிக்குச் சிரிப்பு வந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"காலையில நம்ம வீட்டு அடுப்படியிலேயே மறந்து வெச்சிட்டு ஓடி வந்துட்ட. இன்னிக்கு இங்க உக்காராத, பஸ் ஸ்டாப்ல வெச்சுச் சாப்பிடு. புல்லு வேர் பிடிக்கட்டும். அப்புறம் வா, சேந்து உக்காந்து சாப்பிடலாம்."

"சரிம்மா" என்றாள் அவள், உதடு மட்டும் அசைய.