நீலக்கட்டையின் மீசை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, இது கம்ப்யூட்டருக்குள்ளே நடந்த கதை.

ஒரு மந்தை ஆடுகளின் எடையைக் காட்ட, எக்செல் தாளில் மூன்று கட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. அடியில் நீலம், மற்ற இரண்டையும் பன்னிரண்டு கிலோ உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவது அதுதான். மேலே சிவப்பும் பச்சையும் சேர்ந்து ஒரு பெட்டி. நடுத்தரமான ஆடுகள், பன்னிரண்டு கிலோ முதல் இருபது வரை, அந்தப் பெட்டிக்குள் அடக்கம். பெட்டியின் தலையிலிருந்து, மிகக் கனமான ஆட்டின் முப்பது கிலோ வரை, மேலே ஒரு மெல்லிய கோடு; அதற்குப் பெயர் மீசை. நீலத்தின் தலையிலிருந்து, மிக மெலிந்த ஆட்டின் எட்டு கிலோ வரை, கீழே இன்னொரு மீசை.

மவுஸ் வந்து பார்த்து முகம் சுளித்தது.

“என்னப்பா, தரையிலேர்ந்து கிளம்புறீங்க? எடையே இல்லாத ஆடும் இருக்குன்னு நினைப்பாங்களே! படத்தை அழிச்சிடுறேன்.”

“இருங்கண்ணே!” என்று அலறிய சிவப்பு, நீலத்தைப் பார்த்துச் சீறியது. “எல்லாம் உன்னால. இறங்கிப் போயேன்!”

“நான் போனா நீங்க ரெண்டு பேரும் தொபுக்கடீர்னு பூஜ்ஜியத்துல விழுவீங்க, தம்பி,” என்றது நீலம். பிறகு மவுஸிடம் திரும்பியது. “அண்ணே, என் நிறத்தை மட்டும் உருவிடுங்க. நான் நின்ன இடத்துலயே நிக்கிறேன்.”

“அப்புறம் உன்னை யாருக்குய்யா தெரியும்?”

“ஆளு தெரியாட்டி என்ன, மீசை தெரியுமில்ல?”

மவுஸ் ஒரு தட்டுத் தட்டி நிறத்தை எடுத்தது. பெட்டி பன்னிரண்டு கிலோ உயரத்தில், அந்தரத்தில் ஜம்மென்று நின்றது. அதை யார் கண்ணுக்கும் தெரியாமல் தாங்கிக்கொண்டே, நீலம் தன் மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுக்கொண்டது.