அறிவின் விலை ஒரு காபி

அந்த வீட்டில் அறிவின் விலை ஒரு காபி. தினமும் காலையில் அவள் காபியை நீட்டி, ஓர் ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் கேட்பாள். டை கட்டிக்கொண்டே கணவன் சொல்வான்.

"ரிடண்டன்ட்னா என்னங்க?"

அவன் கை முடிச்சிலேயே நின்றது. அவளுக்குப் புரியக் கூடாதென்று, நேற்று அண்ணனிடம் போனில் ஆங்கிலத்தில் சொன்ன வார்த்தை அது.

"ரொம்ப முக்கியமான ஆள்னு அர்த்தம்."

மறுநாள், "செவரன்ஸ்?"

"போனஸ் மாதிரி. என்ன, கலெக்டராகப் போறியா?" காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டான்.

மூன்றாம் நாள், "டெர்மினேஷன்?"

"ஆபீசுக்கு நேரமாச்சு" என்று பையைத் தூக்கினான்.

"எந்த ஆபீசுக்கு? வேலை போனதை, நீங்க போன் பண்ணின அன்னிக்கே உங்க அண்ணி சொல்லிட்டாங்க. ரிடண்டன்ட்னா வேண்டாத ஆள், செவரன்ஸ்னா வேலையை விட்டு அனுப்பும்போது தர்ற பணம், டெர்மினேஷன்னா வேலைநீக்கம். அர்த்தம் தெரியாமலா கேட்டேன்? நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பாத்தேன். மூணு காபி கொடுத்தாச்சு. ஒரு உண்மை பாக்கி."