ஆமைக்கு முதுகு சொறிகிறவன்

"கட்டின பொண்டாட்டி உள்ளே முடங்கிக் கிடக்கா. இந்த ஆளு வாசல்ல குந்திக்கிட்டு ஆமைக்கு முதுகு சொறியறான்!"

வேலி ஓரம் நின்று விசாலாட்சி பொருமினாள்.

கடல் நடுவே இருந்த அந்தத் தீவின் ஷாதிபூர் குவார்ட்டர்ஸில் அடுத்த வீடு ஜெகநாதனுடையது. துறைமுகத்தில் கிளார்க். கல்யாணம் முடித்து, மனைவி நீலாவதியை அழைத்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

ஆமை அவன் வாங்கியதல்ல. முன்பு அந்த வீட்டில் இருந்த பெங்காலிக்காரர் மாற்றலாகிப் போனபோது விட்டுவிட்டுப் போனது. ஓட்டின் பின்பக்கத்தில் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், பின்னங்காலை ஊன்றி எழும்பி, பின்புறத்தை இப்படியும் அப்படியும் ஆட்டும். கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். தேய்ப்பதை நிறுத்தினால் வந்து அவன் காலை முட்டும்.

ஆபீஸிலும் இதே பேச்சுதான். "க்யா பாபு, இவ்வளவு அவசரமா வீட்டுக்கு ஓடறியே, பொண்டாட்டியைப் பார்க்கவா, ஆமையைப் பார்க்கவா?"

விசாலாட்சிக்கு இது கேலியாகத் தெரியவில்லை. நீலாவதி கும்பகோணத்துப் பக்கத்துப் பெண். மெட்ராஸிலிருந்து வந்த நாலு நாளும் கப்பலில் வாந்தியெடுத்து, துவண்டு போய் வந்து இறங்கியவள். ஊரிலிருந்து ஒரு கடிதம் வரவே மூன்று வாரம் ஆகிற காலம். "என்னை அம்மாகிட்ட அனுப்பிடுங்க" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சு கிடையாது. வெள்ளிக்கிழமை மெட்ராஸ் கப்பல். டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அன்று சாயங்காலம் பொறுக்க முடியாமல் விசாலாட்சி வந்தே விட்டாள்.

"ஏன் தம்பி, உனக்கே நல்லா இருக்கா? இன்னும் மூணு நாள்ல அந்தப் பொண்ணு கப்பல் ஏறிடும். பக்கத்துல உட்கார்ந்து நாலு வார்த்தை பேசக் கூடாதா?"

"பேசிப் பார்த்தேன்க்கா. பேசினா அழறா."

"அதுக்காக இதுகிட்ட வந்து உட்கார்ந்துடறதா? அவ்வளவு ஆசையா இது மேல?"

ஜெகநாதன் குரலைத் தாழ்த்தினான்.

"ஆசையா? தொட்டாலே எனக்கு உடம்பு கூசுதுக்கா. ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாத்தான் சோறு இறங்குது."

"பின்னே எதுக்கு இந்த வேலை?"

"சட்டுனு திரும்பாதீங்க. ஓரக்கண்ணால ஜன்னலைப் பாருங்க."

பார்த்தாள். திரைக்குப் பின்னால் நீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை. சிரிப்பு!

"ஓடு அழுக்கா இருக்கேன்னு ஒருநாள் சும்மா தேய்ச்சேன். அது ஆடினதைப் பார்த்து இவ சிரிச்சுட்டா. இந்தத் தீவுக்கு வந்து அவ சிரிச்ச முதல் சிரிப்புக்கா அது. அதான், தினமும்..."

இந்தப் பிள்ளையைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டோம்! விசாலாட்சி நேராக உள்ளே நீலாவதியிடம் போனாள்.

நீலாவதி அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அந்த டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடச் சொல்லணும். நானே சொல்லக் கூச்சமா இருக்கு."

"அடிப்பாவி! ஒரு ஆமையைப் பார்த்தா மனசு மாறிட்டே?"

"ஆமையை யாருக்கா பார்த்தா?" அவளுக்கு மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது ஆடும்போது இவரும் கூடவே இடுப்பை ஆட்டறாரு. அது அவருக்கே தெரியாது. சொல்லிடாதீங்க, நிறுத்திடப் போறாரு!"